வியாழனுக்கு ஐந்தாவது நாப்

பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு காலத்தில் ஏக மரியாதை. குருப்பெயர்ச்சி நெருங்கினால் அக்கம்பக்கத்துப் பெண்கள் தேடி வந்துவிடுவார்கள். "ஸ்டெல்லா, நீ வேலை பாக்குறதே குருவுலதானே? எங்க பையனுக்கு இந்த வருஷமாச்சும் கல்யாணம் கூடுமா பாத்துச் சொல்லு" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற என்னிடம்! குரு என்கிற வியாழன் கிரகத்தைச் சுற்றிக் காந்தப்புலம் எப்படி வளைந்து கிடக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் என் வேலை, அந்தக் கணக்கில் கல்யாணம் வராது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அப்புறம் நானும் "கூடும், கூடும்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பாதிக்கு மேல் பலித்தது.

நான் ஓய்வு பெற்ற அன்று எங்கள் பிரிவு இளசுகள் எனக்கு விருந்து வைத்தார்கள். இப்போது அவர்கள் கையில் இருக்கும் மாடல்களில் நூற்றுக்கணக்கான எண்களை இயந்திரமே திருகிப் பொருத்திவிடுகிறது. இவர்கள் அதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், வெறும் நாலு பாராமீட்டரை வெச்சுக்கிட்டு எப்படி மேனேஜ் பண்ணீங்க?" விறகு அடுப்பில் சமைத்தவளைப் பார்க்கிற மாதிரி ஒரு பரிதாபம் அவள் முகத்தில். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பரிதாபத்துக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் ஒரு விண்கலம் வியாழனைச் சுற்ற ஆரம்பித்து, வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தரவு அனுப்பியதை இன்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்லப்போவது அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. அது நடந்திராவிட்டால் அந்தத் தரவு வரும்போது நான் அங்கே இருந்திருக்க மாட்டேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோலார் தங்கவயலில் பிறந்தேன். அப்பா சுரங்கத்தில் இருந்தார். பெங்களூரில் எம்.எஸ்ஸி. இயற்பியல், அதன் பிறகு ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ். 1991இல் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் புரொகிராமராகச் சேர்ந்தேன். புராஜெக்ட் இருக்கும் வரை வேலை. புராஜெக்ட் முடிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அப்படிப்பட்ட வேலை.

புராஜெக்ட்டின் தலைவி டாக்டர் வைதேகி, மல்லேஸ்வரத்துக்காரர். நாங்கள் மேடம் என்போம். அவர் கன்னடம் பேசுவார், கன்னடம் கலந்த தமிழும் பேசுவார். அறைக்குள் வந்ததும் செருப்பை மேசைக்கு அடியில் கழற்றிவிட்டு, கைப்பையிலிருந்து வறுத்த கடலைக்காயை எடுத்து வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிப்பார். தோல் உரிக்கிற சத்தம் நின்றுவிட்டால் ஏதோ தப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

நாங்கள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். வியாழனுக்குள் ஒரு பெரிய சட்டக் காந்தம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பூமியின் காந்தத்தைத் தலைகீழாக வைத்தது மாதிரி. அங்கே திசைகாட்டியைக் கொண்டுபோனால் முள் தெற்கே காட்டும். அந்தக் காந்தம் கிரகத்தின் அச்சுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இதுவரை சுலபம். வியாழனின் நிலவு ஒன்றில் எரிமலைகள் ஓயாமல் கக்கிக்கொண்டே இருக்கின்றன. கக்கியது மின்னேற்றம் பெற்று, கிரகத்தோடு சேர்ந்து சுழன்று, அந்தச் சுழற்சியில் வெளியே தள்ளப்பட்டு, மெல்லிய பெரிய வட்டத் தகடு மாதிரி பரவி நிற்கிறது. அந்தத் தகட்டில் மின்னோட்டம் ஓடுகிறது. மின்னோட்டம் ஓடினால் அதற்கென்று தனியாக ஒரு காந்தப்புலம். காந்தம் சாய்ந்திருப்பதால் தகடும் சாய்ந்திருக்கிறது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும் என்பதால், பக்கத்தில் போகிற விண்கலத்தை இந்தத் தகடு மேலும் கீழுமாகத் தாண்டிக்கொண்டே இருக்கும். தாண்டும் ஒவ்வொரு முறையும் விண்கலத்தின் கருவியில் புலத்தின் திசை புரளும். எப்போது புரளும் என்று சரியாகச் சொல்லிவிட்டால் நம் மாடல் நல்ல மாடல்.

நம்மிஷ்டத்துக்குத் திருகிப் பார்க்கக்கூடிய எண்ணை நாங்கள் நாப் என்போம், பழைய ரேடியோவில் இருந்ததே, அந்த நாப்தான். எங்களிடம் நான்கு இருந்தன: தகடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு தடிமன், அதில் எவ்வளவு மின்னோட்டம். எழுபதுகளில் நான்கு விண்கலங்கள் வியாழனைத் தாண்டிப் போயிருந்தன. அவற்றின் அளவுகள் டேப்பில் வந்திருந்தன. மூன்று டேப் எங்களுக்கு. நான்காவதை மேடம் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பார்த்துவிட்டால் கை தானாக அந்தப் பக்கம் திருகும் என்பது அவருடைய கட்சி. மூன்றை வைத்து மாடல் செய்ய வேண்டும், நான்காவதை வைத்துச் சோதிக்க வேண்டும்.

நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் மாடல் அழகாகப் பொருந்திய பக்கத்தை அவர் பார்க்கவே மாட்டார். "பொருந்தினது யாருக்கு பேக்கு? மிச்சத்தைக் கொண்டா" என்பார். பேக்கு என்றால் கன்னடத்தில் வேண்டும். அளந்ததிலிருந்து மாடல் சொன்னதைக் கழித்தால் வருவதுதான் மிச்சம். அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நாட்டு மருந்துக் கடையில் வேரைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

இன்னொரு சட்டம் வைத்திருந்தார். அதை வேறு எங்கேயும் நான் கண்டதில்லை. புதிதாக ஒரு நாப் சேர்க்க வேண்டுமானால் அது ஏன் வேண்டும் என்று அவரவர் வீட்டு மொழியில் சொல்ல வேண்டும். ஆங்கிலம் கூடாது, சமன்பாடு கூடாது. "மனே பாஷையில ஹேளு" என்று நாற்காலியில் சாய்ந்துகொள்வார். கேட்டால் ஒரே பதில்: "இங்கிலீஷ்ல சொன்னா எது வேணும்னாலும் காரணம் மாதிரியே கேக்கும்." நான்கு நாப்களும் இந்தப் பரீட்சையில் தேறி வந்தவைதான். தடிமனுக்கான காரணத்தை நான் தோசைக்கல்லை வைத்துச் சொன்னேன். சிரித்தார், ஆனால் சேர்த்துக்கொண்டார்.

வில்லங்கம் கிரகத்துக்கு வெகு தூரத்தில் வந்தது. கிட்டத்தில் மாடல் கச்சிதமாக ஓடியது. தூரம் போகப் போக, மாடல் சொன்ன நேரத்துக்குத் தகடு வரவில்லை, தாமதமாக வந்தது. இன்னும் தூரம் போனால் இன்னும் தாமதம். எந்த நாப்பைத் திருகினாலும் கிட்டத்தில் கெட்டது, தூரத்தில் சரியாகவில்லை. மாதக்கணக்கில் இதே கூத்து.

எங்களோடு டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர் இம்தியாஸ். பிரேசர் டவுனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. வீட்டில் பேசுவது தக்கினி உருது, என்னோடு தமிழ். ஒரு நாள் வாயெல்லாம் பல்லாக வந்தார். "ஸ்டெல்லாக்கா, இங்க பாரு! மிச்சமே இல்ல!" தூரத்துக்குத் தக்கபடி தாமதம் என்று ஐந்தாவதாக ஒரு நாப்பைச் சேர்த்துத் திருகியிருந்தார். நிஜமாகவே மிச்சத்தில் ஒன்றும் இல்லை. கோடு படுத்தே கிடந்தது. இரண்டு பேரும் மேடம் அறைக்கு ஓடினோம்.

மேடம் தாளை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். "ரொம்பச் சென்னாகிதே" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். பிறகு சாய்ந்துகொண்டார். "மனே பாஷையில ஹேளு. ஏன் லேட்டாகுது?"

இம்தியாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வோ க்யா ஹை மேடம்... தூர் கயே தோ லேட் ஆதா." தூரம் போனால் லேட்டாக வருகிறதாம்.

"அது நீ பாத்தது. ஏன்?"

இம்தியாஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவர் சொன்னார்: "ஐசாச் ஹை மேடம்." அது அப்படித்தான் என்று அர்த்தம்.

"ஐசாச் ஒரு காரணம் இல்ல. நாப் பேடா", வேண்டாம் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. மார்ச்சில் புராஜெக்ட் முடிகிறது. அதற்கு முன்னால் மறுஆய்வுக் குழு வருகிறது. அதன் தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வாழ்நாள் முழுக்கப் பூமியின் காந்தப்புலத்தை அளந்தவர். போன முறை வந்தபோதே, நம் நாட்டுத் தென்கோடியில் காந்த நடுக்கோடு ஓடுகிறது, அதையே முழுதாகப் புரிந்துகொள்ளாமல் வியாழன் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். கேள்வியில் நியாயம் இருந்ததுதான் என் பயம். பீரோவில் இருக்கும் டேப்பை அவர்கள் எதிரில் திறந்து மாடலைச் சோதிப்பதாக மேடம் வேறு எழுதிக் கொடுத்திருந்தார். தாமத நாப் இல்லாமல் போனால் தூரத்தில் மானம் போகும், புராஜெக்ட் போகும், என் வேலையும் போகும். என்னோடு படித்தவர்கள் எல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். எனக்கும் ஒரு கம்பெனியில் இடம் தயாராக இருந்தது. ஆனால் எனக்கு அது வேண்டாம். எனக்கு வியாழன்தான் வேண்டும். அதை இப்படி வெளிப்படையாகச் சொல்ல அந்த வயதில் வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

அன்று மேடத்திடமே கேட்டுவிட்டேன். "மேடம், உங்க வேலை பர்மனென்ட். என் வேலை மார்ச்சோட முடியுது. பொருந்துற நாப்பை வேண்டாங்கிறீங்களே!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கடலையை உரித்து என் கையில் வைத்தார். "அதுக்குத்தான் சொல்றேன்மா. அந்த மனுஷர் 'ஏன்'னு ஒரு வார்த்தை கேப்பார். உன் நாப் பதில் சொல்லாது. நீதான் சொல்லணும்."

அந்த வார இறுதியில் தங்கவயலுக்கு அப்பா அம்மாவைப் பார்க்கப் போனேன். ஞாயிறு சாயங்காலம் திரும்பும்போது எங்கள் வண்டி பங்காரப்பேட்டையில் வழக்கம்போல நின்றுவிட்டது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு நீள கூட்ஸ் வண்டி. என் ஜன்னலுக்கு எதிரே அதன் கடைசிப் பெட்டிகள். எஞ்சின் எங்கோ முன்னால், என் கண்ணுக்கே தெரியவில்லை. திடீரென்று தூரத்தில் ஒரு 'டடக்'. கொஞ்சம் கிட்டத்தில் இன்னொரு 'டடக்'. அப்படியே பெட்டி பெட்டியாக, கொக்கி கொக்கியாக அந்தச் சத்தம் என்னை நோக்கி ஓடி வந்தது. எதிரே இருந்த பெட்டி அதுவரை அசையாமல்தான் நின்றது. அதன் கொக்கி இழுபட்ட பிறகுதான் அதற்கு விஷயமே தெரிந்தது. எஞ்சின் அதற்குள் எவ்வளவோ முன்னால் போயிருக்கும்.

எதிர் சீட்டில் ஒரு அம்மா முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். "இன்னாம்மா, தெரிஞ்சவங்களா?" என்றார். "ஆமாங்க, ரொம்ப நாளாத் தேடுறேன்" என்றேன்.

திங்கட்கிழமை மேடம் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "மேடம், உள்ள இருக்குற காந்தத்தோட சாய்வு பக்கம் மாறினா வெளி விளிம்புக்கு உடனே தெரியாது. கூட்ஸ் வண்டி கிளம்புற மாதிரிதான். எஞ்சின் இழுத்தது கடைசிப் பெட்டிக்குக் கொக்கி கொக்கியாத்தான் போய்ச் சேரும். அங்க காந்தப்புலம்தான் கொக்கி. விளிம்புக்குச் சேதி போய்ச் சேர்றப்ப கிரகம் கொஞ்சம் சுத்திடுது. அதான் லேட்டு."

மேடம் ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றார். "இழுப்பு எஷ்டு வேகமாப் போகும்?" என்றார்.

அந்தக் கேள்விதான் மேடம். காரணம் சொன்னால் விட்டுவிட மாட்டார். காரணத்துக்கு அளவு கேட்பார். நல்லவேளையாக அளவு இருந்தது. புலத்தின் வலிமையும், தகட்டில் பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதும் தெரிந்தால் அந்த இழுப்பின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். இரண்டையும் விண்கலங்கள் அளந்திருந்தன. கரும்பலகையில் நான் ஒரு பக்கம், இம்தியாஸ் ஒரு பக்கம், ஒருவர் போடுவதை ஒருவர் பார்க்கக் கூடாது என்று போட்டோம். இரண்டு பேருக்கும் ஒரே விடை. அந்த விடை இம்தியாஸ் திருகிக் கண்டுபிடித்த எண்ணுக்கு வெகு கிட்டத்தில் நின்றது.

இம்தியாஸ் சாக்பீஸை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார். "தேக்கோ மேடம், ஐசாச் ஹை!" மேடம் சிரித்த சிரிப்பில் கடலைத்தோல் பறந்தது. பிறகு, இனி அது நாப்பே இல்லை, கணக்கு, அதைத் திருகினால் கையை ஒடித்துவிடுவேன் என்றார். அன்று பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் கார பன் வாங்கி வந்தார் இம்தியாஸ். பக்கத்துப் பிரிவுக்காரர்கள்கூட எதற்கென்றே தெரியாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுஆய்வு நாள் வந்தது. நான்காவது விண்கலம் போன பாதையில் தகடு எப்போதெல்லாம் அதைத் தாண்டியிருக்கும் என்று எங்கள் மாடல் சொன்ன கோட்டை முன்கூட்டியே கண்ணாடித் தாளில் வரைந்து வைத்திருந்தோம். அதன் மூலையில் குழுவினர் எல்லோரையும் கையெழுத்துப் போடவைத்தார் மேடம். பிறகு பீரோவைத் திறந்து டேப்பை எடுத்துக் கொடுத்தார். அதே அளவில் நிஜ அளவுகளைத் தாளில் வரைய வேண்டியது பிளாட்டர் இயந்திரத்தின் வேலை. அது ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி மெல்ல மெல்ல நகரும். எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம்.

பாதி வழியில் பேனாவில் மை நின்றுவிட்டது. இயந்திரம் பாட்டுக்கு வெற்றுத் தாளில் நகர்கிறது! "நிறுத்து, நிறுத்து!" என்று நாங்கள் கத்த, இம்தியாஸ் பாய்ந்து பேனாவைப் பிடுங்கி, உதறி, வாயால் ஊதி, தன் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, மறுபடி மாட்டினார். முதலிலிருந்து ஆரம்பித்தோம். தலைவர் நாற்காலி கேட்டு வாங்கிப் பிளாட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

வரைந்து முடிந்ததும் மேடம் என்னிடம் கண்ணாடித் தாளைக் கொடுத்தார். தாளின் மேல் வைத்து ஓரங்களைச் சேர்த்தேன். கிட்டத்தில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று. நடுவில் ஒன்றின் மேல் ஒன்று. மாதக்கணக்காக எங்களை அழவைத்த தூரத்திலும் புரள வேண்டிய இடத்தில் புரண்டது. யாரோ கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால் யார் என்று தெரியவில்லை. ஆனால் கடைக்கோடியில் மட்டும் மாடல் இரண்டு தடவை புரள வேண்டும் என்றது. அளவு ஒரு தடவை புரண்டுவிட்டு ஒரே பக்கமாக நின்றுவிட்டது.

தலைவர் கைதட்டவில்லை. தூரத்துக் கோட்டில் விரலை வைத்து ஆங்கிலத்தில் கேட்டார்: தகடு இங்கே ஏன் தாமதமாக வருகிறது?

மேடம் என் பக்கம் கையைக் காட்டினார். "எங்க குரூப்ல காரணத்தை வீட்டு பாஷையிலதான் சொல்லணும் சார். இவ சொல்லுவா."

சொன்னேன். கூட்ஸ் வண்டி, எஞ்சின், கொக்கி, 'டடக்' எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னேன். வேகம் எங்கிருந்து வந்தது என்று கரும்பலகையில் காட்டினேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று எழுந்துவிட்டார். அதோடு முடிந்தது புராஜெக்ட் என்று நினைத்தேன். பிசிபேளா பாத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் அவரைத் தேடினேன், காணோம்.

திரும்ப வந்து பார்த்தால், அவர் கையில் தயிர் சாதத்தோடு பிளாட்டர் அறையில் நிற்கிறார். கூடவே குழுவில் இன்னொருவர். இரண்டு பேரும் அந்தக் கடைக்கோடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தகடு அந்த இடத்தோட முடிஞ்சு போச்சுய்யா! இல்லாததை எப்படித் தாண்டும்?" என்றார் தலைவர்.

"முடியலை சார். சூரியக் காத்து அடிச்சு அதை ஒரு பக்கமா மடக்குது" என்றார் மற்றவர்.

"மடக்குதா? உனக்கு யார் சொன்னா?" தலைவர் ஸ்பூனைத் தாளின் மேல் நீட்டினார். ஒரு சொட்டுத் தயிர் வியாழனுக்கு வெளியே விழுந்தது.

வாசலிலேயே நின்று கேட்டேன். அந்த நிமிஷமே என் பயம் போய்விட்டது. இழுத்து மூடப் போகிற கடையின் சரக்குக்காக யாரும் இப்படிச் சண்டை போட மாட்டார்கள். நேராக உள்ளே போனேன்.

"ரெண்டு பேர் சொல்றதும் தப்புன்னு தோணுது சார்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். எனக்குப் பின்னால் மேடம் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? அப்ப நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு. எத்தனை நாள் ஆகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் சொல்லிவிட்டார். "மூணு வருஷம் சார்."

"எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவர் தயிர் சாதத்தைத் தொடர்ந்தார்.

மூன்று வருடம்தான் கொடுத்தார்கள். நான் ஓய்வு பெறும் வரை எடுத்துக்கொண்டேன். பதில் இன்னும் பாதிதான் கிடைத்திருக்கிறது.